மோட்டாரைத் திட்டிய நான்கு மாதம்: கோளாறு இருந்தது சக்சன் குழாயில்

ஆயிரம் லிட்டர் மேல்தொட்டி 25 நிமிடத்தில் நிறைந்துகொண்டிருந்தது. அது மெல்ல 35 ஆனது, 40 ஆனது. ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்தால் 50 நிமிடம். தண்ணீர் குறைந்தால் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: மோட்டாரைச் சந்தேகப்பட்டேன். அந்தச் சந்தேகம் நான்கு மாதத்தைத் தின்றது. காயில் கட்டிய செலவு, புது மோட்டார், 40 மீட்டர் டெலிவரி குழாய் (பம்பிலிருந்து தொட்டிக்குப் போவது), இரண்டு மெக்கானிக்கல் சீல் (சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் ஒழுகாமல் தடுப்பது), ஒரு ஃபுட் வால்வு (கிணற்றுக் குழாயின் அடிமுனையில், ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுப்பது) என்று வரிசையாகப் பணம் போனது. கடைசியில் பார்த்தால் ஃபுட் வால்வைத் தவிர அத்தனையும் பம்புக்கு இந்தப் பக்கம் செய்த வேலை. கோளாறு அந்தப் பக்கம், தண்ணீருக்கும் பம்புக்கும் நடுவில், சத்தமில்லாமல் கிடந்தது. எந்த இடத்தில் எதைப் பார்த்திருக்க வேண்டும் என்று ஒருவராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்ற எரிச்சல் இன்னும் தீரவில்லை. அதனால்தான் எண்களோடு எழுதுகிறேன்.

அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் கணக்கு முழுக்க இதை வைத்துத்தான். கிணற்று மேட்டில் அரை ஹெச்பி மோனோபிளாக் பம்பு, அதாவது மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருக்கும் வகை. தண்ணீர் மட்டம் நல்ல காலத்தில் பம்புக்கு 3 மீட்டர் கீழே இருக்கும், வறட்சியில் 5.5 மீட்டர் வரை இறங்கும். சக்சன் குழாய், அதாவது கிணற்றிலிருந்து பம்புக்கு வருவது, 25 மி.மீ. உள்விட்டம். கிணற்றுக்குள் 8 மீட்டர், மேலே படுக்கையாக 4 மீட்டர், ஆக 12 மீட்டர். டெலிவரியும் அதே 25 மி.மீ., 40 மீட்டர் நீளம், வழியில் எட்டு எல்போ. தொட்டியின் வாய் பம்பிலிருந்து 14 மீட்டர் உயரத்தில்.

முதல் தவறு ஆம்பியரைப் படித்த விதத்தில் நடந்தது. கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்ததில் பெயர்ப்பலகையில் இருப்பதைவிடக் கணிசமாகக் குறைவாகக் காட்டியது. "காயில் வீக் ஆயிடுச்சு, இழுவை இல்லை" என்று தீர்ப்பு வந்தது, காயில் கட்டினோம், தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் சென்ட்ரிஃபியூகல் பம்பில் (சக்கரம் சுற்றித் தண்ணீரை வீசும் வகை) தண்ணீர் எவ்வளவு அதிகமாக ஓடுகிறதோ அவ்வளவுக்கு மோட்டாருக்கு வேலை கூடும். தண்ணீர் குறைந்தால் வேலையும் குறையும், ஆம்பியரும் இறங்கும். காயில் கெட்டால் ஆம்பியர் பெரும்பாலும் ஏறும், உடம்பு கொதிக்கும், மணம் வரும். ஆகவே 'தண்ணீரும் குறைவு, ஆம்பியரும் குறைவு' என்றால் மோட்டார் சும்மா இருக்கிறது என்று பொருள். அதற்கு வேலை கொடுக்கும் தண்ணீர் உள்ளே வரவில்லை, அல்லது வெளியே போகவில்லை. காயில் கட்டக் கொடுத்த அன்றைக்கே இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் பாதிக் கதை நடந்திருக்காது.

இதே காரணத்தால் வரும் இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். டெலிவரி வால்வை மூடினால் மோட்டார் எரிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். சென்ட்ரிஃபியூகல் பம்பில் நடப்பது நேர்மாறு: வால்வை மூடினால் ஆம்பியர் குறைகிறது. மோட்டாருக்கு ஆபத்து, டெலிவரி குழாய் உடைந்து தடையே இல்லாமல் தண்ணீர் கொட்டும்போதுதான். ஆனால் மூடிய வால்வோடு பல நிமிடம் ஓட்டினால் உள்ளே சிக்கிய அதே தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடாகும், சீல் போகும். சோதனைக்காக அரை நிமிடம் மூடுவதில் தப்பில்லை. இதைக் கியர் பம்பு, பிஸ்டன் பம்பு, ஸ்க்ரூ பம்பு வகைகளில் மட்டும் செய்துவிடாதீர்கள். அவை ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அளவைத் தள்ளியே தீரும். வால்வு மூடியிருந்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய் குழாயோ பம்போ ஏதாவது ஒன்று பிளக்கும். அவற்றுக்கு, அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் ரிலீஃப் வால்வு கட்டாயம்.

காயில் உதவாததால் அடுத்த யோசனை: பெரிய மோட்டார். அரை ஹெச்பியை எடுத்துவிட்டு ஒரு ஹெச்பி. இரண்டு மடங்கு குதிரை, இரண்டு மடங்கு தண்ணீர் என்று மனக்கணக்கு. அது எப்போதுமே தப்புக் கணக்கு. குழாயில் உரசலால் இழக்கும் அழுத்தம் ஓட்டத்தின் நேர் விகிதத்தில் கூடுவதில்லை, கிட்டத்தட்ட வர்க்கத்தில் கூடுகிறது. ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் உரசல் ஏறக்குறைய 3.6 மடங்கு. 25 மி.மீ. வழவழப்பான பிளாஸ்டிக் குழாயில் நொடிக்கு 1 லிட்டர் ஓட்டினால் 10 மீட்டர் நீளத்துக்கு தண்ணீரை 2 மீட்டர் உயரம் தூக்கும் அளவுக்கு அழுத்தம் போய்விடும். அதுவே 32 மி.மீ. உள்விட்டம் என்றால் 0.6 மீட்டர், 40 மி.மீ. என்றால் 0.2 மீட்டர். விட்டத்தில் காட்டும் சின்ன தாராளம் ஐந்தாம் அடுக்கில் திரும்பி வருகிறது. மோட்டாரில் காட்டும் தாராளம் அப்படி வருவதில்லை. பம்பு எவ்வளவு தண்ணீர் தரும் என்பதைப் பம்பு தனியாகத் தீர்மானிப்பதில்லை. பம்பு கொடுக்கக்கூடிய அழுத்தமும், உயரமும் உரசலும் சேர்ந்து கேட்கும் அழுத்தமும் எந்த ஓட்டத்தில் சமமாகிறதோ அங்கேதான் அது நிற்கும். ஒரே குழாயில் இரண்டு பம்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தாலும் இரண்டு மடங்கு வராததற்கு இதுதான் காரணம்.

புது மோட்டார் மாட்டிய நாளில் தண்ணீர் மட்டம் 4.5 மீட்டரில் இருந்தது. தொட்டி 22 நிமிடத்தில் நிறைந்தது. பழைய நல்ல காலத்தைவிட வெறும் 3 நிமிடம்தான் மிச்சம் என்றாலும், 50 நிமிடத்திலிருந்து 22 என்பது பெரிய வெற்றி மாதிரி இருந்தது. இரண்டு மாதத்தில் மட்டம் 5.5 மீட்டருக்கு இறங்கியது. நிறையும் நேரம் 35 நிமிடமாகி, பம்புக்குள் யாரோ கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. "பேரிங் போச்சு" என்றார் ஒருவர். பேரிங்கில் கோளாறில்லை. சீல் ஒழுகத் தொடங்கியது, மாற்றினோம். ஆறு வாரத்தில் மறுபடி ஒழுகியது. பிரித்தபோது, தண்ணீரை வீசும் சக்கரமான இம்பெல்லரின் வாய்ப்பக்கம், தண்ணீர் நுழைகிற இடத்தை அடுத்து, கறையான் அரித்த கட்டை மாதிரி சின்னச் சின்னக் குழிகள். மணல் அரித்தால் வழவழப்பாகத் தேயும், ஓட்டத்தின் திசையில் கோடு விழும். குழிகுழியாக, பஞ்சு போல இருந்தால் அது வேறு. அந்தக் குழிகளைக் கண்ணால் பார்த்தும் என்னவென்று தெரியாமல் திரும்பப் பூட்டினோம்.

அடுத்து டெலிவரி குழாய். 40 மீட்டர் குழாயையும் 32 மி.மீ.க்கு மாற்றினேன். அதிலேயே ஒரு வாரம் போனது. வேலை தப்பில்லை, வரிசைதான் தப்பு. டெலிவரித் தடை குறைந்ததும் பம்பு இன்னும் அதிகத் தண்ணீர் தள்ளப் பார்த்தது. அதற்குச் சக்சன் குழாயில் இன்னும் வேகமாகத் தண்ணீர் வர வேண்டும்; அங்கே உரசல் கூடியது, சத்தம் கூடியது. இவ்வளவு செலவுக்குக் கிடைத்தது 35 நிமிடம் 33 ஆனது மட்டும். அன்றைக்கு மனது விட்டுப்போய், பம்பையே தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாமா என்று தோன்றியது உண்மை.

இதற்கிடையில் இன்னொரு தொல்லை: ராத்திரி நிறுத்தினால் காலையில் தண்ணீர் ஊற்றித்தான் ஓட்ட வேண்டும். எல்லோரும் ஃபுட் வால்வைக் கைகாட்டுவார்கள், மாற்றினேன், சரியாகவில்லை. ஃபுட் வால்வைக் கழற்றும் முன்பு பத்து நிமிடச் சோதனை ஒன்று உண்டு. பம்பின் பிரைமிங் மூடியைத் திறந்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிவிட்டு, மூடாமல் பார்த்துக்கொண்டிருங்கள். மட்டம் இறங்கினால் ஃபுட் வால்வில் ஒழுக்கு, அல்லது மட்டத்துக்குக் கீழே இணைப்பில் ஒழுக்கு. இறங்காமல் அப்படியே நின்றும் ராத்திரியில் மட்டும் தண்ணீர் இறங்குகிறது என்றால், மூடிய நிலையில் எங்கிருந்தோ காற்று புகுந்து தண்ணீர்த் தூணை விடுவிக்கிறது. அதாவது ஃபுட் வால்வில் சொட்டுச் சொட்டான கசிவும், மேலே ஒரு காற்றுவழியும் சேர்ந்தே இருக்கின்றன. என் விஷயத்தில் காற்றுவழி, பம்புக்குப் பக்கத்தில் இருந்த யூனியன் (குழாயைக் கழற்றி மாட்டும் இணைப்பு). அதன் வாஷர் வயதாகிக் கல்லாகியிருந்தது.

சக்சன் பக்கத்துக் கசிவு ஏன் கண்ணுக்குப் படுவதில்லை என்றால், பம்பு ஓடும்போது அங்கே குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. டெலிவரியில் ஓட்டை என்றால் தண்ணீர் பீய்ச்சும், ஈரம் காட்டிக்கொடுக்கும். சக்சனில் ஓட்டை என்றால் காற்று உள்ளே போகும், வெளியே ஒரு துளி ஈரம் இருக்காது. இணைப்பு காய்ந்து சுத்தமாக இருப்பதைப் பார்த்து 'இங்கே லீக் இல்லை' என்று நானே மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். பிடிக்கும் வழி: மோட்டார் ஓடும்போது ஒவ்வோர் இணைப்பின் மேலும் கெட்டியான சோப்பு நுரையைப் பூச வேண்டும். ஓட்டை இருந்தால் நுரை உள்ளே இழுபடும், சில நொடிக்குப் பம்பின் சத்தமும் மாறும். இன்னும் நல்லது, பம்புக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடி போன்ற தடித்த குழாயைச் சேர்த்துவிடுவது. குமிழி வருகிறதா என்று நேராகவே தெரியும். கிணற்றுக்குள் ஃபுட் வால்வுக்கு மேலே போதிய தண்ணீர் இல்லாவிட்டால் சுழி விழுந்து மேலிருந்தே காற்று போகும், அதையும் எட்டிப் பார்த்துவிடுங்கள்.

வாஷரை மாற்றி, திரெட்டில் டேப் சுற்றி இறுக்கியதும் தொட்டி 20 நிமிடத்தில் நிறைந்தது. ஆனால் கூழாங்கல் சத்தம் முன்பைவிடப் பயங்கரமாகிவிட்டது. கோளாறைச் சரிசெய்தால் சத்தம் ஏன் கூட வேண்டும்? இதுதான் என்னை அதிகம் குழப்பியது, விடை இந்த முடிச்சிலேயே இருந்தது. அதுவரை புகுந்துகொண்டிருந்த கொஞ்சம் காற்று, உள்ளே நடந்த வேறொரு சேதத்துக்கு மெத்தை போட்டிருந்தது. மெத்தையை எடுத்ததும் அடி நேராக விழுந்தது.

அன்று சாயங்காலம், சத்தம் பொறுக்காமல் டெலிவரி கேட் வால்வைப் பாதிக்கு மேல் மூடினேன். சத்தம் சட்டென்று நின்றது. தொட்டி நிறைய 23 நிமிடம், வெறும் 3 நிமிடம்தான் கூட. பேரிங்கோ இம்பெல்லரோ கெட்டிருந்தால் வால்வைத் திருகியதற்கு இப்படி அடங்கியிருக்காது. ஓட்டத்தைக் குறைத்தால் நிற்கும் சத்தம், ஓட்டத்தால் வரும் சத்தம். அதாவது பம்பு கேட்கும் அளவுக்குச் சக்சன் குழாயால் கொடுக்க முடியவில்லை. இதைக் கேவிட்டேஷன் என்பார்கள். உங்கள் பம்பில் இந்தச் சத்தம் கேட்டால் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான், ஸ்பேனரே தேவையில்லை.

பம்பு தண்ணீரை 'இழுக்கிறது' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்தான் எல்லாவற்றையும் மறைக்கிறது. பம்பு இழுப்பதில்லை. இம்பெல்லர் தன் நடுவிலிருந்து தண்ணீரை விளிம்புக்கு வீசுகிறது, நடுவில் அழுத்தம் குறைகிறது, கிணற்று நீரின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்றின் கனம் தண்ணீரை அந்த இடத்துக்குத் தள்ளுகிறது. அந்தத் தள்ளுகை கடல் மட்டத்தில் 10.3 மீட்டர் தண்ணீர்த் தூணுக்குச் சமம். அதற்கு மேல் ஒரு விரல்கூட வராது, 1 ஹெச்பி வைத்தாலும் 100 ஹெச்பி வைத்தாலும். 1500 மீட்டர் உயர மலையில் அது 8.6 மீட்டராகக் குறையும். தண்ணீர் சூடானால் இன்னும் கழிவு: 60 டிகிரி செல்சியஸில் சுமார் 2 மீட்டர், 80 டிகிரியில் கிட்டத்தட்ட 5 மீட்டர் ஆவியழுத்தத்துக்கே (தண்ணீர் ஆவியாகிவிடாமல் இருக்க மிச்சம் வைக்க வேண்டிய அழுத்தம்) போய்விடும். வெந்நீர் பம்பை எப்போதும் தொட்டிக்குக் கீழே வைப்பது இதனால்தான்.

இந்த 10.3 மீட்டரை ஒரு சம்பளப் பணமாக நினைத்துக்கொண்டு என் செலவை எழுதினேன். சாதாரணத் தண்ணீரின் ஆவியழுத்தம் 0.3, மீதி 10. தண்ணீர் மட்டத்திலிருந்து பம்புக்கு ஏற 5.5. நொடிக்கு 1 லிட்டர் ஓட்டினால் 12 மீட்டர் குழாயின் உரசல் 2.4. ஃபுட் வால்வும் வளைவுகளும் சேர்ந்து சுமார் 1.5. ஆகச் செலவு 9.4, கையில் 0.6 மீட்டர். பம்புக்கோ தன் வாயில் 2 மீட்டராவது மிச்சம் வேண்டும். தயாரிப்பாளர் தரும் தாளில் என்பிஎஸ்ஹெச் (NPSH) என்று ஒரு கோடு இருக்கும், அது இந்த எண்தான். அதுவும் பம்பின் அழுத்தம் ஏற்கெனவே 3 சதவீதம் விழுந்துவிட்ட புள்ளியில் அளந்தது, ஆகவே அதைவிட அரை மீட்டர், ஒரு மீட்டர் கூடுதலாக வைத்துக்கொள்வதே புத்தி. மிச்சம் போதாவிட்டால் இம்பெல்லரின் வாயில் தண்ணீர் சூடே இல்லாமல் கொதித்துக் குமிழியாகிறது. குமிழி ஓர் அங்குலம் தள்ளி அழுத்தம் உள்ள இடத்துக்குப் போனதும் நொறுங்குகிறது. கூழாங்கல் சத்தம், கறையான் குழி, ஆடும் தண்டினால் போன சீல் எல்லாம் அந்த நொறுங்கலின் வேலை. பழைய அரை ஹெச்பி நொடிக்கு 0.67 லிட்டர்தான் தந்தது. அந்த வேகத்தில் சக்சன் உரசல் பாதிக்கும் கீழே. அதனால்தான் அது பல வருடம் சத்தமில்லாமல் ஓடியது. பெரிய மோட்டார் வாங்கி நானே இந்தக் கேவிட்டேஷனை உண்டாக்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள இரண்டு நாள் பிடித்தது.

ஊகத்தை உறுதிசெய்ய இரண்டு கேஜ் போதும். பம்பின் வாயருகே ஒரு வாக்குவம் கேஜ் (அழுத்தம் வெளியைவிட எவ்வளவு குறைவு என்று காட்டுவது), வெளிவாயருகே ஒரு பிரஷர் கேஜ். காயில் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இவை ஒன்றுமே இல்லை. கணக்கு சுலபம்: 1 மீட்டர் தண்ணீருக்கு 74 மி.மீ. பாதரசம், 10 மீட்டருக்கு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம். முதலில் டெலிவரி வால்வை முழுக்க மூடி, அரை நிமிடம் ஓட்டினேன். ஓட்டம் இல்லாததால் உரசலும் இல்லை. வாக்குவம் 405 மி.மீ., அதாவது 5.5 மீட்டர், ஏற வேண்டிய உயரம் மட்டும். பிரஷர் 3.5 கிலோ. 35-உம் 5.5-உம் சேர்த்து 40.5 மீட்டர், பம்பின் தாளில் அதிகபட்ச ஹெட் (தூக்கும் உயரம்) 42 மீட்டர். பம்பு நல்ல பம்பு. இந்த எண் பாதிக்கு விழுந்திருந்தால் இம்பெல்லர் தேய்வு என்றோ, மூன்று ஃபேஸ் மோட்டாராக இருந்தால் தலைகீழாகச் சுற்றுகிறது என்றோ சந்தேகப்பட வேண்டும். தலைகீழாகச் சுற்றினாலும் சென்ட்ரிஃபியூகல் பம்பு தண்ணீரை அதே பக்கம்தான் அனுப்பும், பலமில்லாமல் அனுப்பும். பலர் ஏமாறுவது அங்கேதான்.

பிறகு வால்வை முழுக்கத் திறந்தேன். வாக்குவம் 630-க்கு ஏறி, முள் நடுங்கியது. 630-இல் 405 போனால் 225. அதாவது 3 மீட்டர் உயரம் சக்சன் குழாயின் உரசலுக்கே போகிறது. அங்கே முடிந்தது வழக்கு. கேஜைப் படிக்கும் இந்த முறையை மனப்பாடம் செய்துகொண்டால் எந்தப் பம்பிலும் உதவும். தண்ணீர் குறைவு, வாக்குவம் அதிகம் என்றால் சக்சனில் அடைப்பு, ஒல்லிக் குழாய், சிக்கிய ஃபுட் வால்வு அல்லது இறங்கிய மட்டம். தண்ணீர் குறைவு, வாக்குவமும் குறைவு, முள் ஆடுகிறது என்றால் காற்று புகுகிறது. வாக்குவம் குறைவு, டெலிவரி பிரஷர் அதிகம் என்றால் டெலிவரியில் அடைப்பு அல்லது பாதி மூடிய வால்வு. இரண்டுமே குறைவு, முள் ஆடவில்லை என்றால்தான் இம்பெல்லரைப் பிரிக்கும் வேலை.

ஒரு கிளைக்கதை. நடுவில் ஒருவர், ஃபுட் வால்வை இன்னும் 2 மீட்டர் கீழே இறக்கினால் பம்புக்குச் சுமை கூடும் என்று பயமுறுத்தினார். வேறொருவர், மேலே தூக்கினால் சுமை குறையும் என்றார். இரண்டும் ஒரே தப்பு. பம்புக்குக் கணக்கு தண்ணீர் மட்டத்திலிருந்து. குழாயின் முனை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதிலிருந்து அல்ல. நீருக்குள் மூழ்கிய நீளத்துக்கு வெளியே இருக்கும் தண்ணீரே தோள் கொடுக்கிறது. கூடுவது அந்த 2 மீட்டருக்கான உரசல் மட்டும். ஃபுட் வால்வு அடிச்சேற்றிலிருந்து அரை மீட்டராவது மேலே, மிகக் குறைந்த மட்டத்திலிருந்தும் அரை மீட்டராவது கீழே இருந்தால் போதும்.

திருத்தம் இரண்டு நாள் வேலை. சக்சன் குழாயை 40 மி.மீ. ஆக்கினேன், ஃபுட் வால்வையும் அதே அளவுக்கு மாற்றினேன். அதன் சல்லடை ஓட்டைகளின் மொத்தப் பரப்பு குழாயின் பரப்பைப் போல் 3, 4 மடங்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். கிணற்றுக்குள் 1.5 மீட்டர் கீழே ஒரு திட்டு கட்டிப் பம்பை இறக்கினேன். மழைக்காலத்து அதிகபட்ச நீர்மட்டத்தின் கறை சுவரில் தெரியும், திட்டு அதற்கு மேலே இருக்க வேண்டும். எனக்கு ஒன்றரை மீட்டருக்கு இடம் இருந்தது. பம்பை இறக்கினால் டெலிவரி உயரம் 14-இலிருந்து 15.5 ஆகிறதே என்று கேட்கலாம். மொத்த உயரம் அதே 19.5 மீட்டர்தான், சக்சனில் இருந்த சுமை டெலிவரிக்கு மாறியது, அவ்வளவுதான். டெலிவரியில் பம்புக்குப் பலம் நிறைய உண்டு, சக்சனில் காற்று போட்ட 10 மீட்டர் எல்லைக்குள் மட்டும்தான் விளையாட முடியும்.

படுக்கைக் குழாயில் ஒரு நுணுக்கம். அது கிணற்றிலிருந்து பம்பை நோக்கி மெல்ல ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஒட்டக முதுகு மாதிரி மேடு விழுந்தால் காற்று அங்கே தங்கி, குழாயின் பாதி வாயை அடைத்துக்கொள்ளும். 40-இலிருந்து பம்பின் 32 மி.மீ. வாய்க்கு வரும் ரெட்யூசரும் அப்படித்தான்: நடுமையம் ஒன்றாக இருக்கும் சாதாரண ரெட்யூசரைப் படுக்கையாக வைத்தால் மேல்மூலையில் காற்று நிற்கும். ஒருபக்கம் தட்டையாக இருக்கும் வகையை வாங்கி, தட்டைப் பக்கம் மேலே வருமாறு வைத்தேன். பம்பின் வாயில் எல்போவை நேரடியாக ஒட்டாமல், குழாய் விட்டத்தைப் போல் 5 மடங்கு நேர்க்குழாயாவது, முடிந்தால் 10 மடங்கு, விட வேண்டும். வளைவிலிருந்து சுழன்று வரும் தண்ணீர் இம்பெல்லரின் ஒரு பக்கத்தை மட்டும் நிரப்பும்.

தொட்டி 14 நிமிடத்தில் நிறைந்தது, சத்தமே இல்லை. அதே மோட்டார்.

சந்தோஷம் ஒருநாள்தான். மோட்டாரை நிறுத்தியதும் கிணற்றுக்குள் சம்மட்டி அடித்தது மாதிரி ஒரு இடி. இது வாட்டர் ஹேமர். ஓட்டம் கூடியதால் குழாயில் இருக்கும் தண்ணீர்த் தூணின் வேகமும் கூடிவிட்டது. மோட்டார் நின்றதும் தூண் மேலேறுவதை நிறுத்தி, திரும்பிக் கீழே ஓடத் தொடங்குகிறது. அடியில் ஃபுட் வால்வு தாமதமாக மூடி, ஓடிவரும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்துகிறது. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் ஒரே கணத்தில் நின்றால் எழும் அதிர்வு அழுத்தம் இரும்புக் குழாயில் 120 மீட்டர் தண்ணீருக்கு மேல், அதாவது 12 கிலோவுக்கு மேல். நெகிழும் பிளாஸ்டிக் குழாயில் அதில் மூன்றில் ஒரு பங்கு. இதற்குப் பம்பின் வெளிவாய்க்கு அடுத்து ஸ்பிரிங் வைத்த ‘நான்-ரிட்டர்ன்’ வால்வு (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுவது) போட்டேன். தூண் திரும்பி ஓடத் தொடங்கும் முன்பே ஸ்பிரிங் மூடிவிடுவதால் நிறுத்துவதற்கு வேகமே இல்லை. தொங்குகதவு வகை திரும்பிவரும் தண்ணீரால்தான் மூடும், அது இடியை இடம் மாற்றுமே தவிரப் போக்காது. கையால் திருகும் வால்வுகளை மெதுவாக மூடினால் இந்தத் தொல்லை வராது. கைப்பிடியைக் கால் திருப்பில் அடைக்கும் பால் வால்வுதான் ஆபத்து.

இப்போது பம்புக்கு மேலே சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: நீர்மட்டம் 4 மீட்டர் கீழே, வாக்குவம் 350, பிரஷர் 2 கிலோ, ஆம்பியர் பெயர்ப்பலகைக்கு உள்ளே, தொட்டி 14 நிமிடம். போன மாதம் வாக்குவம் 420 காட்டியது. மட்டம் அதேதான், பிரஷர் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஃபுட் வால்வைத் தூக்கிப் பார்த்தேன்; சல்லடையில் பாதிக்கு வேர் சுற்றியிருந்தது. கத்தரித்து இறக்கியதும் முள் 350-க்குத் திரும்பியது.